மண்ணைப் பார்த்து ஷூ வாங்குவோம்

1932ஆம் ஆண்டு ஜூன் மாதம். வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் கெஸ்விக் என்றொரு சிற்றூர். அங்கே விருந்தினர் விடுதி நடத்திவந்த பாப் கிரகாம், ஊர் நடுவே நிற்கும் மூட் ஹால் கட்டடத்திலிருந்து கிளம்பி, சுற்றியுள்ள 42 மலையுச்சிகளை ஏறி இறங்கி, 23 மணி 39 நிமிடத்தில் அதே வாசலுக்குத் திரும்பினார். தூரம் சுமார் 106 கிலோமீட்டர். ஏற்றங்களை மட்டும் கூட்டினால் 8,200 மீட்டரைத் தொடும். உடம்பில் அரைக்கால் சட்டையும் பைஜாமா மேல்சட்டையும். காலில் டென்னிஸ் ஷூ.

24 மணி நேரத்துக்குள் அந்தச் சுற்றை இன்னொருவர் முடிக்க 28 ஆண்டுகள் ஆயின. 1982இல் பில்லி பிளாண்ட் என்ற உள்ளூர்க்காரர் அதை 13 மணி 53 நிமிடத்தில் ஓடினார். அந்த நேரத்தை 36 ஆண்டுகள் யாராலும் அசைக்க முடியவில்லை. 2018இல் ஸ்பெயின் நாட்டு மலையோட்டக்காரர் கிலியன் ஜோர்னெட் வந்து 12 மணி 52 நிமிடமாகக் குறைத்தார்.

இந்தக் கதையைக் கேட்பவர்களில் பலர், "டென்னிஸ் ஷூவிலேயே ஓட முடியும் என்றால் இத்தனை ஆயிரம் கொடுத்துத் தனி ஷூ எதற்கு?" என்று கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஓடுவது கால், மூச்சு கொடுப்பது நுரையீரல். ஷூ இரண்டையும் வாங்கித் தராது. ஆனால் ஈரப் புல் சரிவில் இறங்கும்போது கால் வைத்த இடத்தில் நிற்குமா, வழுக்குமா என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது சோலின் அடிப்பகுதிதான். வழுக்கும் என்ற பயம் வந்துவிட்டால் உடம்பு முழுக்க இறுகிவிடும். இறுகிய உடம்பு சீக்கிரம் களைக்கும், தடுமாறும், விழும். நல்ல ஷூ நமக்குத் தருவது வழுக்காது என்ற நம்பிக்கையை.

நம் ஊரிலும் இப்போது தார்ச்சாலை மாரத்தான்களை ஓடி முடித்தவர்கள் மலைப்பாதை பக்கம் திரும்புகிறார்கள். ஓட்டக் குழுக்களில் அவர்கள் முதலில் கேட்பது, "எந்த பிராண்ட் வாங்கலாம்?" உடனே நாலு பேர் நாலு பெயர் சொல்வார்கள். நாலுமே நல்ல ஷூவாக இருக்கலாம். நாலுமே கேட்டவருக்குப் பொருந்தாமலும் போகலாம். ஏனென்றால் யாரும் அவரிடம், "நீங்க எந்த மண்ணுல ஓடப் போறீங்க?" என்று கேட்கவில்லை. என் வாதம் இந்தக் கேள்விதான். உலகில் இன்றுள்ள நல்ல மலையோட்ட ஷூக்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குறிப்பிட்ட தரையில் யாரோ பட்ட பாட்டிலிருந்து பிறந்தவை. அந்தத் தரையைத் தெரிந்துகொண்டால், அந்த ஷூ நமக்கு வேண்டுமா வேண்டாமா என்பது தானாக விளங்கிவிடும்.

சேற்றில் பிறந்தவை

பாப் கிரகாம் ஓடிய ஏரி மாவட்டம் இங்கிலாந்திலேயே அதிகம் மழை பெய்யும் பகுதி. பாதை என்று பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. புல் மூடிய செங்குத்துச் சரிவு, காலை விழுங்கும் சதுப்பு, இடையிடையே பாறைச் சிதறல். அங்கே மலையோட்டம் மிகப் பழைய கிராம விளையாட்டு. ஆனால் அதற்கென்று ஒரு ஷூ வெகுகாலம் இல்லை.

அந்தக் குறையைத் தீர்த்தவர் பக்கத்துத் தொழில் நகரமான போல்டனைச் சேர்ந்த நார்மன் வால்ஷ். ஓட்ட ஷூக்களுக்குப் பேர்போன ஃபாஸ்டர் பட்டறையில் தொழில் கற்றவர். அந்த ஃபாஸ்டர் குடும்பத்தின் அடுத்த தலைமுறைதான் 1958இல் ரீபோக்கைத் தொடங்கியது. வால்ஷ் 1961இல் தனியாகப் பட்டறை போட்டார். கெண்டல் நகரில் கடை வைத்திருந்த மலையோட்டக்காரர் பீட் பிளாண்டோடு சேர்ந்து அவர் உருவாக்கிய ஷூவுக்கு பீட் பிளாண்டின் முதலெழுத்துகளே பெயராயின: பி.பி. மெல்லிய சோல், அதன் அடியில் சிறு சிறு பிரமிடுகளாக ரப்பர் முனைகள். மெத்தென்ற சுகம் எதுவும் கிடையாது. ஆனால் புல் சரிவைக் கவ்விப் பிடித்தது. 1980களில் பிரிட்டிஷ் மலையோட்டப் பந்தயங்களில் திரும்பிய பக்கமெல்லாம் அந்த ஷூவைப் பார்க்க முடிந்தது.

டயரின் அடியில் 'பட்டன்' என்று சொல்வோமே, அதேதான் இங்கேயும். லாரி டயரில் பட்டன் ஆழம் குறைவாக, நெருக்கமாக இருக்கும். சேற்று வயலில் இறங்கும் டிராக்டர் டயரில் ஆழமாக, இடைவெளி விட்டு இருக்கும். இடைவெளி இல்லாவிட்டால் சேறு அப்பிக்கொண்டு டயரே வழவழவென்று ஆகிவிடும். ஷூவிலும் இதுவே கணக்கு. சாலை ஷூவில் பட்டன் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. காய்ந்த, இறுகிய மண் பாதைக்கு 3 முதல் 4 மில்லிமீட்டர் போதும். மழைக்காலக் காட்டுப்பாதைக்கு 5, 6 வேண்டும். இங்கிலாந்தின் சதுப்புக்கென்றே வரும் ஷூக்களில் 8 மில்லிமீட்டர் வரை போகும்.

அந்த 8 மில்லிமீட்டர் பட்டனோடு 'மட்கிளா' என்ற ஷூவைக் கொண்டுவந்தது இனோவ்-8 நிறுவனம். வடக்கு இங்கிலாந்தில் 2003இல் வெய்ன் ஈடி தொடங்கியது. இவர்களிடம் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம் இருந்தது: பல ஆண்டுகளாக ஷூவின் பெயரிலேயே அதன் எடையைக் கிராமில் போட்டார்கள். 'மட்ராக் 290' என்றால் 290 கிராம். வாங்குபவருக்குத் தேவையான ஒரு தகவல் பெட்டியின் மேலேயே கிடைத்துவிட்டது. 2018இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, கிராஃபீன் கலந்த ரப்பர் சோலையும் இவர்கள் கொண்டுவந்தார்கள்.

ஏன் கிராஃபீன் வரை போனார்கள் என்பதில் சோல் ரப்பரின் அடிப்படைச் சிக்கலே அடங்கியிருக்கிறது. மென்மையான ரப்பர் ஈரப் பாறையில் நன்றாக ஒட்டும், ஆனால் சீக்கிரம் தேயும். கடினமான ரப்பர் நாள்பட உழைக்கும், ஆனால் ஈரப் பாறையில் வழுக்கும். இரண்டையும் ஒரே சோலில் வாங்குவதற்குத்தான் இத்தனை ஆராய்ச்சி.

பாறையில் பிறந்தவை

ரப்பர் விஷயத்தில் மூத்த கதை இத்தாலியுடையது. 1935இல் ஆல்ப்ஸ் மலையில் ஏறப்போன குழு ஒன்று திடீர்ப் பனிப்புயலில் சிக்கி, ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பயணத்தில் இருந்த மலையேற்ற வழிகாட்டி விட்டாலே பிரமானி, காலணி சரியில்லாததும் அந்தச் சாவுகளுக்கு ஒரு காரணம் என்று முடிவுக்கு வந்தார். அந்நாளில் நடந்து போக ஆணி அடித்த கனத்த பூட்ஸ், பாறை ஏற மெல்லிய அடிப்பாகம் கொண்ட இலகுவான காலணி என்று இரண்டு வேண்டியிருந்தது. இலகுவானது குளிரையும் பனியையும் தாங்காது. இரண்டு வேலையையும் ஒரே காலணி செய்ய வேண்டும் என்று, டயர் நிறுவனமான பிரெல்லியின் உதவியோடு ரப்பர் சோல் ஒன்றை 1937இல் உருவாக்கினார் பிரமானி. அவர் பெயரின் முதல் எழுத்துகளிலிருந்து வந்ததுதான் விப்ரம். 1954இல் கே-2 சிகரத்தை முதன்முதலில் தொட்ட இத்தாலியக் குழுவின் கால்களில் விப்ரம் சோல்தான் இருந்தது. இன்று பல நிறுவனங்களின் ஷூவைத் திருப்பிப் பார்த்தால் அடியில் மஞ்சள் நிற எண்கோணச் சின்னம் தெரியும். ஷூ ஒருவருடையது, சோல் விப்ரமுடையது.

பாறைக்கான ஷூவில் பட்டன் ஆழத்துக்கு வேலை குறைவு. பாறையில் எதுவும் உள்ளே இறங்காது. எவ்வளவு ரப்பர் பாறையைத் தொடுகிறது, அந்த ரப்பர் எவ்வளவு ஒட்டும் தன்மை கொண்டது என்பவைதான் கணக்கு. சேற்றுக்கான 8 மில்லிமீட்டர் பட்டனோடு பாறையில் ஓடினால் முனைகள் மட்டும் தொட்டு, கால் ஆட்டம் காணும். பட்டனும் விரைவில் பிய்ந்துபோகும். "பட்டன் பெருசா இருந்தா கிரிப் நல்லா இருக்கும்" என்று கடையில் சொல்வது பாதி உண்மைதான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாசி பிடித்த ஈரப் பாறையை முழுமையாக நம்பவைக்கும் ரப்பர் இதுவரை வரவில்லை. அங்கே வேகத்தைக் குறைப்பதுதான் வழி.

பாறைக்காக வந்த இன்னொன்று, சோலுக்குள் வைக்கும் மெல்லிய தகடு. பெரும்பாலும் பிளாஸ்டிக்; இப்போது சிலவற்றில் கார்பன் இழையும் உண்டு. கூர்மையான கல்லை மிதிக்கும்போது அந்த அழுத்தம் ஒரே புள்ளியில் பாதத்தைக் குத்தாமல் பரவிவிடும். முன்பாதத்தின் கீழ் மட்டுமே தகடு வைக்கும் ஷூக்கள்தான் அதிகம்.

இறக்கத்தில் பிறந்தது

2009இல் பிரான்சின் அன்சி நகரில் ஜான்-லூக் டியார், நிக்கோலா மெர்மூ என்ற இருவர் ஹோக்கா நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இருவருமே மலை விளையாட்டுப் பொருள்களுக்குப் பேர்பெற்ற சாலமன் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். நீண்ட இறக்கங்களில் வேகமாக ஓட முடியவில்லை, தொடையும் முழங்காலும் அடிவாங்குகின்றன என்பதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை. விடையாக வந்தது, பார்த்தவர்கள் சிரித்த அளவுக்குத் தடித்த, மெத்தென்ற சோல் கொண்ட ஒரு ஷூ. பெயர் மஃபாட்டே.

மஃபாட்டே என்பது இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவில் உள்ள ஒரு பெரும் பள்ளத்தாக்கு. சாலை கிடையாது, நடந்தோ ஹெலிகாப்டரிலோதான் போக முடியும். தீவைக் குறுக்கே கடக்கும் புகழ்பெற்ற நெடுந்தூர மலையோட்டப் பந்தயம் அதன் வழியாகச் செல்கிறது. கரும்புத் தோட்ட வேலைக்காக 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறிய தமிழர்களின் சந்ததி இன்றும் பெருமளவில் வாழும் தீவு அது. தைப்பூசக் காவடியும் தீமிதியும் நடக்கிற அந்த மண்ணின் ஒரு பள்ளத்தாக்குப் பெயர் உலகமெங்கும் ஷூ பெட்டிகளில் ஏறியிருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

ஹோக்கா வெற்றிபெற்ற பிறகு எல்லோரும் சோலைத் தடிக்கவைக்கத் தொடங்கினார்கள். தடித்த சோலின் நன்மை உண்மையானது. 50, 100 கிலோமீட்டர் ஓடும்போது பாதம் அடிபடுவது குறையும். அதற்கு விலையும் உண்டு. பாதம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு எளிதாகக் கணுக்கால் மடங்கும். கரடுமுரடான குறும்பாதையில் தரை எப்படி இருக்கிறது என்ற தகவலும் பாதத்துக்குத் தாமதமாகவே எட்டும். மலையில் ஓடிப் பழகாதவர்களுக்கு நான் மிகத் தடித்த சோலைச் சொல்ல மாட்டேன்.

டயர் செருப்பும் அதன் பிறகு வந்த அலையும்

இதற்கு நேர் எதிரான ஒரு மரபும் உண்டு. மெக்சிகோவின் செப்புப் பள்ளத்தாக்கில் வாழும் ராராமுரி மக்கள் பழைய டயரை வெட்டி, தோல் வாரால் கட்டிய செருப்போடு ஓடுபவர்கள். அமெரிக்காவின் கொலராடோ மலைகளில் நடக்கும் லெட்வில் 100 மைல் பந்தயத்தில் 1993இல் அவர்களில் ஒருவரான விக்டோரியானோ சுர்ரோ முதலிடம் பெற்றார். வயது 55. மறு ஆண்டு அதே சமூகத்தின் ஹுவான் ஹெரேரா 17 மணி 30 நிமிடத்தில் வென்றார். டயர் செருப்பு நம் ஊர்க் கிராமங்களுக்கும் தெரியாத பொருள் அல்ல. முள்காட்டில் ஆடு மேய்ப்பவர்கள் அதை விரும்பிப் போட்டதற்குக் காரணம் உண்டு.

ராராமுரி மக்களைப் பற்றி கிறிஸ்டோபர் மெக்டூகல் 2009இல் எழுதிய 'பார்ன் டு ரன்' உலகமெங்கும் விற்றது. மெல்லிய சோல், வெறுங்கால் ஓட்டம் என்று ஓர் அலை எழுந்தது. விரல்களுக்குத் தனித்தனி உறை வைத்த விப்ரமின் ஃபைவ்ஃபிங்கர்ஸ் ஷூ கடைகளில் பறந்தது. அதை அணிந்தால் பாதம் வலுப்பெறும், காயம் குறையும் என்று விளம்பரம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2014இல் விப்ரம் தவறு எதையும் ஒப்புக்கொள்ளாமல் 37.5 லட்சம் டாலர் ஒதுக்கி அதை முடித்துக்கொண்டது. ராராமுரி மக்களின் பாதங்கள் குழந்தைப் பருவம் முதல் அந்தச் செருப்பில் பழகியவை. இருபது ஆண்டுகள் தடித்த ஷூவில் இருந்த பாதத்தைத் திடீரென்று மெல்லிய சோலில் விட்டால் கெண்டைக்காலும் குதிகால் நாணும்தான் முதலில் வலியெடுக்கும்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே சோலில் உள்ள உயர வேறுபாட்டை 'டிராப்' என்கிறார்கள். சாலை ஷூக்களில் இது பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர். மலை ஷூக்களில் 4 முதல் 8 வரை அதிகம் காணலாம். யூட்டா மாநிலத்தில் ஷூ கடை வைத்திருந்த குடும்பத்துப் பையன் கோல்டன் ஹார்ப்பர், சமையலறை டோஸ்டர் அடுப்பில் ஷூவைச் சூடாக்கி, சோலைப் பிரித்து, குதிகால் உயரத்தைக் குறைத்து ஒட்டிப் பார்த்ததிலிருந்து பிறந்ததுதான் ஆல்ட்ரா. இந்த நிறுவனத்தின் அடையாளமே டிராப் சுழியம். விரல் பகுதியும் பாதத்தின் இயல்பான வடிவத்துக்கு அகலமாக இருக்கும். 10 மில்லிமீட்டர் டிராப்பில் பழகியவர் இதற்கு மாற நினைத்தால் வாரக் கணக்கில், சிறு தூரங்களில் தொடங்கி மாற வேண்டும்.

நம் பாதம், நம் மண்

அகலமான விரல் பகுதி என்றதும் நம்மவர்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. தென்னிந்தியாவில் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை எடுத்து ராவ், ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் செய்த ஆய்வு 1992இல் வெளியானது. ஷூ போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதம் மட்டுமே. 2009இல் பெல்ஜிய ஆய்வாளர்கள், வெறுங்காலோடு நடந்து பழகிய இந்தியர்களின் பாதங்களை அளந்தபோது, அவை அகலமாகவும், உடல் எடையைப் பாதம் முழுக்கச் சீராகப் பரப்புபவையாகவும் இருக்கக் கண்டார்கள். செருப்பிலும் வெறுங்காலிலும் வளர்ந்த நம்மில் பலருக்கு முன்பாதம் விரிந்தே இருக்கிறது. ஐரோப்பியக் குறுகிய அச்சில் செய்த ஷூ அதைப் பிடித்து நசுக்கும். ஒரு சைஸ் கூட்டி வாங்கினால் நீளம்தான் கூடும்; குதிகால் உள்ளே வழுக்கத் தொடங்கும். அகலமான அச்சில் வரும் மாடலைத் தேடுவதே சரி.

இனி மண். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒரே தரை என்று நினைப்பவர்கள் அங்கே ஓடியிருக்க மாட்டார்கள். நீலகிரியின் தேயிலைத் தோட்டத்து வண்டிப்பாதைகள் காய்ந்த நாளில் இறுகிய செம்மண்ணும் உடைகல்லும். அதே பாதை ஒரு மழைக்குப் பிறகு சோப்புத் தடவியதுபோல் வழுக்கும். கற்பூர மரங்களின் கீழே அதன் காய்கள் உருண்டு கணுக்காலை மடக்கும். கொடைக்கானல் பைன் காட்டில் உதிர்ந்த ஊசியிலைகள் காய்ந்திருக்கும்போதே சறுக்கும். சோலைக்காடுகளின் ஓரத்தில் ஈர வேர்கள். வேரில் எந்த சோலும் பிடிக்காது, தாண்டித்தான் போக வேண்டும். இத்தகைய கலவைத் தரைக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் பட்டன், ஒட்டும் தன்மையுள்ள ரப்பர், நடுத்தரத் தடிமனான சோல் என்பதே என் தேர்வு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் மட்டும் ஆழமான பட்டன் கைகொடுக்கும். அட்டைக்கு ஷூவால் செய்யக்கூடியது குறைவு. முழங்கால் வரை நெருக்கமாகப் பின்னிய சாக்ஸ்தான் காவல்.

ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன் போன்ற கிழக்குப் பக்க மலைகள் வேறு. ஆண்டின் பெரும்பகுதி காய்ந்தவை. சரளையும் சல்லியும் நிறைந்தவை. அங்கே கால்விரலைப் பாதுகாக்கும் முன்பக்க ரப்பர் காப்பும் அடித்தகடும் பட்டனைவிட முக்கியம். காப்புக்காட்டுக்குள் ஓடுவதற்கு வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் சிக்கி உயிரிழந்த கொடுமைக்குப் பிறகு விதிகள் இறுகின. 2024இல் அரசே 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்தது.

சமவெளியில் ஓடுபவர்களைப் பற்றி வெளிநாட்டு ஷூ விமர்சனங்களில் ஒரு வரியும் கிடைக்காது. ஏரிக்கரையிலும் கண்மாய்க் கரையிலும் ஓடுபவர்களுக்கு முதல் எதிரி சீமைக்கருவேல முள். மெத்தென்ற நுரை சோலை அது நேராகத் துளைத்துப் பாதத்தை எட்டும். தடித்த சோல் என்பதால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நுரை முள்ளைத் தடுக்காது, தகடு தடுக்க வாய்ப்புண்டு. முள் சோலுக்குள்ளேயே முறிந்து நின்று, நாலு நாள் கழித்து மெல்ல மேலே வருவதும் நடக்கும். ஓடி முடித்ததும் இன்சோலை வெளியே எடுத்து, உள்ளே விரலால் தடவிப் பார்த்துவிடுவது நல்லது. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண் மழையில் நனைந்தால் ஒவ்வோர் அடிக்கும் ஷூவின் எடை கூடிக்கொண்டே போகும். அங்கே இங்கிலாந்துச் சதுப்புக்குச் செய்த இடைவெளி விட்ட பட்டன்தான் மண்ணை உதறித் தள்ளும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரி மணலில் பட்டன் எதுவும் பயன்படாது. மணல் உள்ளே புகாத நெருக்கமான மேல்துணியும், ஷூவின் நாக்கு இருபுறமும் தைத்து மூடியிருப்பதும்தான் வேண்டும்.

மேலே சொன்ன எதுவும் பொருந்தாமல், காய்ந்த தோட்டத்துச் சாலையில் வாரம் ஒரு நாள் மட்டும் ஓடுபவராக இருந்தால், கையில் இருக்கும் சாலை ஷூவே போதும். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

தண்ணீர் புகாத ஷூ வேண்டுமா?

கோர்டெக்ஸ் போன்ற நீர்புகாச் சவ்வு வைத்த ஷூக்கள் நம் ஊர்க் கடைகளிலும் கூடுதல் விலைக்கு வருகின்றன. குளிர்நாட்டில், பனி மிதித்து நடப்பவருக்கு அவை உதவும். நமக்கு வேண்டாம். ஓடையில் கால் வைத்ததும் தண்ணீர் மேல் விளிம்பு வழியாக உள்ளே போகும். உள்ளே போனது வெளியேற வழியிருக்காது. நம் வெப்பத்தில் வியர்வையே சாக்ஸை நனைத்துவிடும். நனைந்த பாதம் ஊறி, தோல் மென்மையாகி, கொப்புளம் கட்டும். வலைத்துணி ஷூ நனையும், ஆனால் பத்து நிமிட ஓட்டத்தில் பெரும்பகுதித் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். அதன் எடையும் குறைவு. ஒவ்வொரு ஷூவிலும் 100 கிராம் கூடினால் ஓடுவதற்கு ஆகும் சக்தி ஏறக்குறைய 1 சதவீதம் கூடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நீண்ட ஏற்றத்தில் இதைக் கால்கள் நன்றாகவே உணரும்.

கடையில் செய்ய வேண்டியவை

கடைக்கு மாலையில் போங்கள். பகல் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், நெடுந்தூர ஓட்டத்திலும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் சாக்ஸையே கொண்டு போங்கள். சைஸ் எண்ணை நம்ப வேண்டாம். நம் ஊரில் பிரிட்டிஷ் எண் புழக்கத்தில் இருக்கிறது, இணையத்தில் அமெரிக்க எண் வரும், இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பெட்டியில் சென்டிமீட்டர் கணக்கும் அச்சிட்டிருப்பார்கள்; சுவரில் குதிகாலை ஒட்டி நின்று பாதத்தை அளந்து, அதோடு ஒப்பிடுங்கள். பிறகு ஷூவின் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். சுண்டுவிரலோ பெருவிரலின் அடிப்பக்கமோ விளிம்பைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகலானது. விற்பனையாளர் "போடப் போட விட்டுக்கொடுக்கும் சார்" என்பார். தோல் ஷூ விட்டுக்கொடுக்கும். இந்தத் துணி ஷூ அதிகம் விட்டுக்கொடுக்காது.

பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். மலையில் இது சாலையைவிடக் கட்டாயம். இறக்கத்தில் பாதம் முன்னால் நழுவி, ஒவ்வோர் அடியிலும் நகம் முட்டும். சில மணி நேரத்தில் நகம் கறுத்து, பிறகு கழன்றுவிடும். கடையில் சாய்வுப் பாதையோ படிக்கட்டோ இருந்தால் லேஸை இறுக்கிக் கட்டி, இறங்கிப் பாருங்கள். விரல் முட்டினால், முதலில் லேஸ் கட்டும் முறையை மாற்றிப் பாருங்கள். கணுக்காலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் யாரும் பயன்படுத்தாத ஒரு கூடுதல் ஓட்டை இருக்கும். அதே பக்கத்து லேஸை அதில் நுழைத்து ஒரு சிறு வளையம் விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இழுத்துக் கட்டினால் குதிகால் பின்னால் பூட்டிக்கொள்ளும். அப்படியும் முட்டினால் வேறு ஷூ பாருங்கள்.

பெண்களுக்கான மாடல்களைக் கடைகள் குறைவாகவே அடுக்குகின்றன. அகலமான பாதமுள்ள பெண்கள் ஆண்கள் வரிசையிலும் சென்டிமீட்டர் பார்த்துத் தேடலாம். குதிகால் தளர்வாக இல்லாதவரை அதில் குறையொன்றும் இல்லை.

பாத வளைவைப் பார்த்து, "உங்களுக்கு இந்த வகைதான்" என்று முடிவுசெய்யும் பழக்கம் இன்னும் சில கடைகளில் இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாத வளைவின்படி ஷூ கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில், அதனால் காயங்கள் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. கனடாவின் கல்காரி பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு ஓட்ட ஷூக்களை ஆராய்ந்த பென்னோ நிக், 2015இல் எழுதிய கட்டுரையில் முன்வைத்த கருத்து எளிமையானது: போட்டுப் பார்த்து எது வசதியாக இருக்கிறதோ அதைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குக் காயம் குறைய வாய்ப்பிருக்கிறது. ஆகவே மண்ணுக்கு ஏற்ற வகையில் மூன்று, நான்கு ஷூக்களைப் பொறுக்கி எடுத்துவிட்டால், அவற்றுக்குள் முடிவெடுக்க உங்கள் பாதத்தையே கேளுங்கள். கடைக்குள் நாலு சுற்று ஓடிப் பார்க்க வெட்கப்பட வேண்டியதில்லை.

ஷூ 5,000 ரூபாய்க்குள்ளும் கிடைக்கிறது. 15,000 ரூபாயைத் தாண்டுவதும் உண்டு. முதல் ஷூவுக்கு நடுத்தர விலையே போதும். உங்கள் பாதை எது, அதில் எது குறைகிறது என்று ஒரு பருவமழை முடிவதற்குள் தெரிந்துவிடும். இரண்டாவது ஷூவுக்குப் பணத்தைச் சேர்த்துவையுங்கள். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று ஆண்டுக்கணக்காகக் கிடங்கில் கிடந்த ஷூவை வாங்கும்போது கவனம் வேண்டும். பாலியூரித்தேன் சோல் நம் ஈரக்காற்றில் போடாமலே உள்ளுக்குள் சிதைந்து, போட்ட அன்றே பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும்.

ஓடிவிட்டு வந்ததும் சேற்றைக் கழுவி, இன்சோலை எடுத்துவிட்டு, உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். உச்சி வெயிலிலும் பூட்டிய காருக்குள்ளும் வைத்தால் பசை விட்டுப்போகும். நடுச்சோல் பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டர் வரை உழைக்கும். கல்லும் மேடும் அதிகமென்றால் அதற்கு முன்பே பட்டன் தேய்ந்துவிடலாம். மேல்துணி கிழிந்தாலோ விரல் காப்பு பிரிந்தாலோ தூக்கிப் போட அவசரப்பட வேண்டாம். தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் நைலான் நூலில் தைத்துத் தருவார். அந்தத் தையல் பெரும்பாலும் கம்பெனித் தையலைவிட அதிக நாள் நிற்கும். சோலின் நுரை அமுங்கி உயிரிழந்துவிட்டால் மட்டும் தைத்துப் பயனில்லை. கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பார்த்தால் மரக்கட்டையாக இறுகியிருக்கும், நீளவாட்டில் சுருக்கங்கள் விழுந்திருக்கும். அந்த ஷூவை நடைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததை வாங்கலாம்.